கோவேறு கழுதையில் ஏறியது யார்?

கலப்பு விலங்குகளின் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதுபற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் இருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள். சொற்பிறப்புக்கு வெளியே போகும் கேள்விகளுக்குச் சுருக்கமாகவே சொல்லியிருக்கிறேன்.

கல்லடியில் இருந்து: சேர், கோவேறு கழுதைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? மாட்டுக்கும் கழுதைக்கும் பிறந்தபடியால்தான் 'கோ' என்று வந்தது என எங்கட பிள்ளைக்கு டியூசனில் சொல்லிக் குடுத்திருக்கிறாங்க.

மாட்டுக்கும் கழுதைக்கும் எதுவும் பிறக்காது. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பதுதான் கோவேறு கழுதை. இதைப் பிள்ளைக்கு இன்றைக்கே திருத்திச் சொல்லிவிடுங்கள்.

இனிச் சொல்லுக்கு வருவோம். கோ + ஏறு + கழுதை. 'கோ' ஓகாரத்தில் முடிகிறது, 'ஏறு' உயிரில் தொடங்குகிறது. இடையில் வகர உடம்படுமெய் வந்து 'கோவேறு' ஆகிறது. நன்னூல் 162ஆம் சூத்திரம் "ஏனை உயிர்வழி வவ்வும்" என்று சொல்வது இதைத்தான். இதுவரை யாருக்கும் சண்டை இல்லை. 'ஏறு' என்பது வினையா பெயரா என்ற இடத்தில்தான் வழி பிரிகிறது.

வினை என்றால் ஏறிய, ஏறுகின்ற, ஏறும் என்ற மூன்று காலமும் உள்ளே மறைந்து நிற்கும் வினைத்தொகை. அப்போது 'கோ' அரசன்; அரசன் ஏறும் கழுதை என்று பொருள் வரும். பெயர் என்றால் 'கோ' மாடு, ஏறு என்பது காளை. அப்போது கோவேறு கழுதை 'காளைக் கழுதை' ஆகும். உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது இந்த இரண்டாவதின் வழியில் வந்தது.

எது சரி என்பதைச் சொல்லின் மூட்டு சொல்லிவிடும். நன்னூல் 183: "நெடிலோடு உயிர்த்தொடர்க் குற்றுகரங்களுள் டறஒற்று இரட்டும் வேற்றுமை மிகவே." று, டு என்று முடியும் பெயர் இன்னொரு பெயரோடு சேரும்போது பெரும்பாலும் ற், ட் இரட்டிக்கும். ஆறு – ஆற்றுமணல். சோறு – சோற்றுப்பானை. கிணறு – கிணற்றடி. வயிறு – வயிற்றுவலி. அப்படியானால் காளையைக் குறிக்கும் ஏறு கழுதையோடு சேரும்போது 'கோவேற்றுக் கழுதை' என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. வினைத்தொகையில் இரட்டிப்பும் இல்லை, வல்லினம் மிகுவதும் இல்லை. ஊறுகாயை யாரும் 'ஊற்றுக்காய்' என்பதில்லை. ஊறு காய், ஏறு கழுதை இரண்டும் ஒரே அச்சு.

ஆகவே என் முடிவு: அரசன் ஏறும் கழுதை.

களுவாஞ்சிக்குடியில் இருந்து: க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் இலக்கணக் குறிப்பு கேட்டால் என்ன எழுத வேண்டும் சேர்?

'ஏறு கழுதை' வினைத்தொகை. 'கோவேறு' என்பதில் வகர உடம்படுமெய். இரண்டையும் எழுதுங்கள் தங்கச்சி. பிடிபடாவிட்டால் நம் மண்ணின் பெயரையே வைத்துப் பாருங்கள். 'மீன் பாடும் தேனாடு' என்பதில் 'பாடும்' பெயரெச்சம். அதையே 'மீன் பாடு நாடு' என்று சுருக்கினால் வினைத்தொகை. மீன் பாடு நாடு, கோ ஏறு கழுதை: இரண்டிலும் எழுவாய் முன்னுக்கு, வினை நடுவில், பெயர் கடைசியில்.

வாழைச்சேனையில் இருந்து: சங்க இலக்கியத்தில் கோவேறு கழுதை உண்டா? 'அத்திரி' என்று ஒரு சொல் கண்டேன். அது அத்திரி முனிவரோடு தொடர்புடையதா?

இது நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன்.

முனிவரோடு தொடர்பில்லை. மலையைக் குறிக்கும் அத்திரியும் வேறு. ஒரே ஒலியில் மூன்று சொற்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒலி ஒன்றாக இருப்பதை வைத்து வேர் ஒன்று என்று முடிவு கட்டாதீர்கள்.

விலங்கான அத்திரி சங்கப் பாட்டுகளில் வருவது பெரும்பாலும் நெய்தல் நிலத்தில். களப்பின் கரையில் வாழும் நமக்கு அந்த வரிகள் மற்றவர்களுக்கு விளங்குவதைவிட நன்றாகவே விளங்கும். நற்றிணை 278இல் உலோச்சனார் "கழிச்சேறு ஆடிய கணைக்கால் அத்திரி" என்கிறார். கழிச் சேற்றில் நடந்து வந்த அத்திரியின் குளம்பில் சிவந்த இறால் சிக்கிக் கிடக்கிறது. அகநானூறு 120இல் "கழிச்சுறா எறிந்த புண்தாள் அத்திரி" வருகிறது. கழியில் சுறா தாக்கிக் காலில் புண்பட்ட விலங்கு அது. அகநானூறு 350இல் அதே அத்திரி நுகத்தில் பூட்டித் தேர் இழுக்கிறது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் "வான வண்கையன் அத்திரி ஏற" என்று கோவலன் அதில் ஏறிக் கடற்கரைக்குப் போகிறான், மாதவி வையம் என்ற வண்டியில் ஏறுகிறாள். உரையில் அத்திரிக்குக் கோவேறு கழுதை என்றே பொருள் சொல்லப்படுகிறது.

அத்திரி எங்கிருந்து வந்தது? வடமொழியில் கோவேறு கழுதைக்கு அச்வதர என்று பெயர், பாலியில் அஸ்ஸதர. 'அச்வ' என்றால் குதிரை. '-தர' என்ற விகுதி இங்கே 'அதனினும் மேலான' என்ற பொருளில் வரவில்லை. வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினி தம் நூலின் 5.3.91ஆம் சூத்திரத்தில் கன்று, எருது, குதிரை, காளை ஆகியவற்றின் பெயர்களோடு இந்த விகுதி குறைவைக் காட்ட வரும் என்று விதி செய்கிறார். முழுக் குதிரை ஆகாத குதிரை என்பதுதான் அதன் பொருள். சுவேதாச்வதர உபநிடதத்தின் பெயரிலும் இதே சொல் இருக்கிறது: வெள்ளைக் கோவேறு கழுதைகளை உடையவர்.

வடக்கின் ஸகரம் தமிழில் தகரமாவது வழக்கம்தான். மாஸம் மாதம் ஆனது, ரஸம் இரதம் ஆனது. அஸ்ஸதர என்ற பிராகிருத வடிவம் அத்திரி ஆக இந்த வழியில் தடை எதுவும் இல்லை. எனக்கு இந்த விளக்கமே பொருந்துகிறது.

இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வடக்கில் குதிரையை அளவுகோலாக வைத்து 'குதிரைக்குக் குறைந்தது' என்றார்கள். தமிழில் கழுதையை அளவுகோலாக வைத்து 'அரசன் ஏறும் அளவுக்கு உயர்ந்தது' என்றார்கள். விலங்கு ஒன்றே.

காத்தான்குடியில் இருந்து: குர்ஆன் மொழிபெயர்ப்பிலும் கோவேறு கழுதை என்றுதான் வருகிறது. அரபியில் என்ன சொல்?

அரபியில் 'பக்ல்', பன்மை 'பிகால்'. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 8ஆம் வசனத்தில் குதிரைகள், கோவேறு கழுதைகள், கழுதைகள் என்று மூன்றும் வரிசையாக வருகின்றன. ஏறிச் செல்லவும் அலங்காரமாகவும் படைக்கப்பட்டவை என்று வசனம் சொல்கிறது. நபிகளாரிடம் இருந்த துல்துல் என்பதும் கோவேறு கழுதையே. விவிலியத்தில் 1 இராஜாக்கள் 1:33ஐயும் பாருங்கள். சாலொமோனைத் தன் கோவேறு கழுதையின்மேல் ஏற்றும்படி தாவீது கட்டளையிடுகிறார். அது அரியணை ஏறுவதற்கான ஊர்வலம். மலைப்பாதையில் கால் வழுக்காமல் நடக்கும், சுமை தாங்கும், குதிரையைவிடக் குறைந்த தீனியில் நிற்கும். பெரியவர்கள் ஏறியதற்குக் காரணம் அது.

கல்முனையில் இருந்து: நீங்கள் சொன்ன இரட்டிப்பு விதி நிற்காது. 'ஏறு தழுவுதல்' என்று எல்லோரும் சொல்கிறோம். அதில் ஏறு காளைதான். 'ஏற்றுத் தழுவுதல்' என்று ஆகவில்லையே!

நிற்கும். 'தழுவுதல்' வினையிலிருந்து வந்தது, ஏறு அதற்குச் செயப்படுபொருள். ஏற்றைத் தழுவுதல் என்பது இரண்டாம் வேற்றுமைத் தொகை. அந்த இடத்தில் இரட்டிக்காது. சோறு தின்றான், ஆறு கடந்தான், வீடு கட்டினான் எல்லாம் அதே கணக்கு. கழுதை வினை இல்லை. சோறு தின்றான், ஆனால் சோற்றுப்பானை. வீடு கட்டினான், ஆனால் வீட்டுக்கதவு. நீங்கள் காட்டிய எடுத்துக்காட்டு 'தின்றான்' பக்கம், நம் சொல் 'பானை' பக்கம்.

செங்கலடியில் இருந்து: கோ என்றால் பசுதானே? கோமாதா, கோசாலை…

மேலே முதல் பதிலைப் பாருங்கள்.

பொத்துவிலில் இருந்து: ஒட்டகச்சிவிங்கி என்பது கலப்பு விலங்கின் பெயர்போல இருக்கிறது. உண்மையில் அப்படி ஒரு நம்பிக்கை இருந்ததா?

இருந்தது, அதுவும் பல மொழிகளில். கிரேக்கர் 'கமேலோபர்தாலிஸ்' என்றார்கள். கமேலோஸ் ஒட்டகம், பர்தாலிஸ் சிறுத்தை. உயரமும் கழுத்தும் ஒட்டகத்தைப் போல, தோலின் புள்ளி சிறுத்தையைப் போல. பாரசீகத்தில் இன்னும் ஒன்றைச் சேர்த்து 'ஷுதுர்-காவ்-பலங்' என்றார்கள்: ஒட்டகம், மாடு, சிறுத்தை. விலங்கியலில் இன்றும் அதன் இனப்பெயர் கமெலோபர்டாலிஸ்தான்.

தமிழ்ப் பெயர் இந்தக் கிரேக்கப் பெயரின் பொருளை அப்படியே எடுத்துக் கோத்தது. சிவிங்கி என்பது வேட்டைக்குப் பழக்கும் புள்ளிப் பூனை இனம். நம் குமணக் காட்டில் இருக்கும் சிறுத்தை வேறு, சிவிங்கி வேறு. இலங்கைக் காட்டில் சிவிங்கி கிடையாது.

ஆங்கிலத்தில் சிறுத்தைக்குச் சொல்லும் 'லெபர்ட்' என்ற பெயரும் இதே வகைதான். லியோ என்றால் சிங்கம், பார்ட் என்றால் சிறுத்தை இனம். இரண்டும் கூடிப் பிறந்தது என்று பழைய ஐரோப்பியர் நம்பி வைத்த பெயர் அது. சிறுத்தை தனி இனம், எதனோடும் எதுவும் கூடிப் பிறந்ததில்லை. நம்பிக்கை போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. பெயரைப் பார்த்து விலங்கின் பிறப்பை முடிவு செய்யக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஆரையம்பதியில் இருந்து: கழுதைப்புலி?

கழுதையும் இல்லை, புலியும் இல்லை. தனிக் குடும்பம். மேலே சொன்னதே இதற்கும்.

சம்மாந்துறையில் இருந்து: ஹைபிரிட் என்று நெல்லுக்குச் சொல்கிறோம். அதன் வேர் என்ன?

பன்றிதான் வேர். இலத்தீனில் 'ஹிப்ரிடா' என்பது வீட்டுப் பெண் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியின் பெயர். ரோமானிய எழுத்தாளர் பிளினி தம் இயற்கை வரலாற்றின் 8ஆம் நூலில் இதைச் சொல்கிறார். அப்படிப் பார்த்தால் உலகத்தில் உள்ள கலப்புகளுக்கெல்லாம் பொதுப்பெயராக நிற்பது ஒரு பன்றிக்குட்டியின் பெயர். முதல் எழுத்துக்கூட்டு 'ஹை' ஆனது கிரேக்க 'ஹைப்ரிஸ்' என்ற சொல்லின் சாயலால். அந்தச் சொல்லுக்கு அத்துமீறல் என்று பொருள். வேருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நெல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் வயல்களில் போடும் பிஜி, ஏடி என்று தொடங்கும் நெல்லினங்கள் பெரும்பாலும் ஹைபிரிட் இல்லை. அவை கலப்புச் செய்து, பல தலைமுறை தெரிவு செய்து நிலைப்படுத்திய மேம்படுத்திய இனங்கள். விதையை எடுத்து வைத்து அடுத்த போகத்துக்கு விதைக்கலாம். உண்மையான ஹைபிரிட் விதையில் அப்படிச் செய்தால் அடுத்த பயிர் ஒரே சீராக வராது, குணம் பிரிந்துவிடும். பெயரைப் பிழையாகச் சொன்னால் விதையிலும் பிழை வரும். மிச்சத்தை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

கல்முனையில் இருந்து: சரி, ஒரு கேள்வி. சிலப்பதிகாரத்தில் அத்திரியில் ஏறியவன் கோவலன். அவன் வணிகன், அரசன் இல்லை. 'கோ ஏறிய' என்பது எங்கே? அதோடு 'கோவலர்' என்றால் மாடு மேய்ப்பவர். தமிழிலேயே கோ பசுவாக வந்திருக்கிறதே!

இரண்டாவதை ஒப்புக்கொள்கிறேன். கோவலர் என்ற சொல்லில் கோ மாடுதான், சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. 'கோ' பசுவைக் குறிக்காது என்று நான் எங்கும் சொல்லவில்லை. இந்தச் சொல்லில் குறிக்கவில்லை என்பதுதான் என் வாதம்.

முதலாவதற்குப் பதில்: விலங்கின் பெயர் ஒவ்வொரு சவாரிக்காரனுக்கும் மாறாது. அரசமரம் அரசனுக்கு மட்டும் சொந்தமில்லை, ராஜநாகம் அரண்மனையில் இருப்பதில்லை. உயர்ந்த வகை என்பதற்கு அரசனைச் சுட்டிப் பெயர் வைப்பது தமிழில் பழக்கம். கோவலன் பெருஞ்செல்வன். அவன் அத்திரியில் போனது அது மதிப்பான ஊர்தி என்பதற்குச் சான்று.

மட்டக்களப்பு நகரில் இருந்து: நன்னீரும் உப்புநீரும் கலப்பதால்தானே மட்டக்களப்பு என்று பெயர்? கலப்பினம் என்பதிலும் அதே சொல்லா?

இல்லை. இது கலப்பு, அது களப்பு. லகரம் வேறு, ளகரம் வேறு. கலப்பு 'கல' என்ற வினையில் இருந்து வந்தது. களப்பு ஆழமற்ற உப்புநீர்ப் பரப்பு. மட்டம் என்பதும் அந்த ஆழக்குறைவையே சொல்கிறது. நீர் கலக்கிறது என்பது உண்மை, ஆனால் பெயர் அதைச் சொல்லவில்லை. ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக உச்சரிப்பதால் இந்த மயக்கம் வருகிறது. தயவுசெய்து எழுத்தைப் பார்த்த பிறகு பொருளைத் தேடுங்கள்.

ஏறாவூரில் இருந்து: ஆண் குதிரைக்கும் பெண் கழுதைக்கும் பிறந்தால் அதுவும் கோவேறு கழுதைதானா?

தமிழில் அதற்குத் தனிப்பெயர் வழக்கில் இல்லை. ஆங்கிலத்தில் 'ஹின்னி', இலத்தீன் 'ஹின்னுஸ்' என்பதில் இருந்து வந்தது. பொதுவாகக் கொஞ்சம் சிறியது, காது குட்டை. தமிழில் எழுதும்போது 'ஆண் குதிரைக்கும் பெண் கழுதைக்கும் பிறந்தது' என்று விளக்கி எழுதுவதே நல்லது.

அக்கரைப்பற்றில் இருந்து: லைகருக்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் சொல்லுங்கள். 'சிங்கப்புலி' சரியா?

சரியில்லை. லைகர், டைகன் இரண்டும் இரு சொற்களை வெட்டி ஒட்டியவை. தகப்பனின் துண்டு முதலில் வரும். ஆண் சிங்கமும் பெண் புலியும் என்றால் லைகர், ஆண் புலியும் பெண் சிங்கமும் என்றால் டைகன். தமிழ் தொகைச் சொல்லில் கடைசிச் சொல்தான் தலை. கோவேறு கழுதையைக் கேட்பவர் ஒரு வகைக் கழுதை என்று எடுத்துக்கொள்வார். சிங்கப்புலியும் அப்படித்தான், சிங்கம்போன்ற ஒரு புலி என்றே காதில் விழும். தாய் தகப்பன் கணக்கு அதில் வராது. லைகர் என்றே எழுதுங்கள்.

மண்டூரில் இருந்து: மன்னாரில் திரியும் கழுதைகளைக் குதிரையோடு சேர்த்தால் கோவேறு கழுதை கிடைக்குமா? அது ஏன் குட்டி போடாது?

குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, குட்டிக்கு 63. ஒற்றை எண் இணை சேராது. அதனால் மலடு, மிக அரிதாகவே விலக்கு. வளர்ப்புப் பற்றிக் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள்.

செங்கலடியில் இருந்து: அப்ப பசுவுக்கும் இதுக்கும் தொடர்பே இல்லையா?

இல்லை.

திருக்கோவிலில் இருந்து: நிகண்டில் 'வேசரி' என்று ஒன்று இருக்கிறதே?

அதுவும் இதே விலங்குதான். வடமொழி வேசரத்தில் இருந்து வந்தது. நாகரம், திராவிடம், வேசரம் என்று கோயில் கட்டடப் பாணிகள் மூன்று உண்டல்லவா? வேசரம் மற்ற இரண்டும் கலந்தது என்பதால் கோவேறு கழுதையின் பெயரையே அதற்கு வைத்தார்கள் என்று விளக்குவோர் உண்டு. கோயிலுக்குக்கூட அந்தப் பெயர் இழிவாகப் படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மனிதர் விடயம் வேறு. போர்த்துக்கீசியரின் 'முலாட்டோ' என்ற சொல் கோவேறு கழுதையைக் குறிக்கும் 'முலோ'வில் இருந்து வந்தது என்றே பெரும்பாலோர் கொள்வர். அடிமை வாணிபக் காலத்தில் மனிதர்மேல் ஒட்டிய சொல் அது. விலங்குக் கலப்பின் பெயர் எதையும் எந்த மனிதருக்கும் சொல்லாதீர்கள், வேடிக்கைக்கும் வேண்டாம்.

கல்முனையில் இருந்து: கடைசியாக ஒன்று. தொல்காப்பிய மரபியலில் ஏறு என்பது ஆண்பாற் பெயர். உங்கள் 183ஆம் சூத்திரம் வேற்றுமைக்கு மட்டும்தான். 'காளை போன்ற கழுதை' என்று உவமையாகக் கொண்டால் அது அல்வழி, அதாவது வேற்றுமை அல்லாத புணர்ச்சி. அங்கே இரட்டிக்கத் தேவையில்லையே?

இதுவரை வந்ததில் வலுவான கேள்வி இது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மரபியல் ஏறு என்ற பெயரைப் பன்றி, புல்வாய், உழை, கவரி, எருமை, மரை, பெற்றம் ஆகியவற்றுக்குத் தருகிறது. கடற்சுறாவுக்கும் தருகிறது. கழுதைக்குத் தரவில்லை. ஆகவே ஏறு ஆண் கழுதையாக இருக்க முடியாது. மாட்டின் ஆணாக மட்டுமே இருக்கலாம்.

உவமைத்தொகை என்றால் வல்லினம் மிக வேண்டும். மலர்க்கை, தாமரைக்கண்போலக் 'கோவேறுக் கழுதை' என்று வந்திருக்கும். இருபெயரொட்டு என்றால் அங்கும் இரட்டிப்பு வந்திருக்கிறது: களிறும் யானைதான், ஆனாலும் 'களிற்றியானை' என்றார்கள். மிச்சம் உம்மைத்தொகை. அதில் எதுவும் மிகாது, ஆனால் அப்போது காளையும் கழுதையும் என்று இரண்டு விலங்காகிவிடும். ஒரு விலங்குக்குப் பெயராகாது. பெயரோடு பெயர் சேரும் எந்த வாசலிலும் இந்தச் சொல் இந்த வடிவத்தில் வெளியே வராது. வினைத்தொகை வாசலில் மட்டும் ஓர் எழுத்தும் மாறாமல் வருகிறது.

கல்முனையில் இருந்து: களிற்றியானையை நான் யோசிக்கவில்லை. ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் எழுதும்போது 'க்' போடுவது பிழையா? சேர்த்து எழுதுவதா, பிரித்தா?

'க்' போட்டால் பிழை. கோவேறு கழுதை, கோவேறுகழுதை இரண்டும் சரி. 'கோ வேறு கழுதை' என்று மட்டும் இடைவெளி விடாதீர்கள். வகரம் உடம்படுமெய். அதைப் பிரித்தால் 'வேறு கழுதை' ஆகிவிடும்.